பன்னிரண்டரை மணிப் புகை

இன்னும் ஐந்து பேர் உள்ளே போய்வர வேண்டும் என்று வாசலில் நின்ற பியூன் சொன்னதை சங்கிலி மச்சான் என் வலது காதருகே குனிந்து திரும்பச் சொன்னார், நான் தலையாட்டினேன், ஐந்து பேர் என்றால் அரை மணி நேரம் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம், அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும். வெளியே பம்பாய் மழை. தாழ்வாரம் முழுக்க நனைந்த குடைகளைச் சுவரோடு சாத்தி வைத்திருக்கிறார்கள், அவற்றிலிருந்து வழிந்த தண்ணீர் ஒன்றுசேர்ந்து எங்கள் பெஞ்சுக்கு அடியில் வந்து நிற்கிறது, மச்சான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னையும் தூக்கி வைக்கச் சொல்லிச் சைகை காட்டுகிறார். என் இடது காது சித்திரை மாதம் துறைமுகத்தில் கப்பல் வெடித்ததோடு போய்விட்டது, வலது காதிலும் பாதிதான் மிச்சம். விசாரணைக்கு வரச் சொல்லிக் காகிதம் வந்தபோது, காது கேளாதவர்கள் துணைக்கு ஒரு ஆளைக் கூட்டி வரலாம் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். யாரைக் கூப்பிடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மச்சான் தாராவித் தோல் ஷாப்பில் லீவு சொல்லிவிட்டு வந்து நின்றார். வேறு யார் வந்திருந்தாலும் எனக்கு இது சுலபம். இவர் வண்டிமலைச்சியின் அண்ணன். வண்டிமலைச்சி என் மனைவி. மனைவியாக இருந்தவள் என்று உள்ளே சொல்ல வேண்டியிருக்கும், இருந்தவள் என்று சொல்லிப் பார்க்கிறேன், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை, மச்சான் என்ன வேண்டும் என்று திரும்பிக் கேட்கிறார், ஒன்றுமில்லை என்கிறேன்.

உள்ளே என்ன கேட்பார்கள் என்று போய்வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். பெயர் கேட்பார்கள், பலவேசம். வேலை கேட்பார்கள், விஞ்சு ஓட்டுகிறவன், கப்பலின் வயிற்றிலிருந்து சரக்கைத் தூக்கிக் கரையில் வைக்கிறவன். வெடித்த கப்பலிலா என்று கேட்பார்கள், இல்லை, அதற்கு இரண்டு கப்பல் தள்ளி. அப்புறம் கேட்பார்களாம், அன்றைக்கு முதன்முதலாகப் புகையை எப்போது பார்த்தாய் என்று. இதற்கு என்னிடம் இரண்டு பதில் இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு, குழாயை இழுத்துக்கொண்டு எல்லாரும் ஓடியபோது என்பது ஒன்று. இது பொய் இல்லை, இரண்டு மணிக்கும் நான் புகையைப் பார்த்தேன்தான். மச்சானிடமும் இதைத்தான் சொன்னேன், அன்றைக்குக் காலையில் கேட்டுக்குள் நுழைந்தபோது மலைச்சியைப் பார்த்ததோடு சரி, பிறகு பார்க்கவே இல்லை என்றேன், மச்சான் அதையே ஊருக்குக் கடிதமாக எழுதினார், திருநெல்வேலிப் பக்கத்தில் அவள் அம்மா அதை யாரோ படிக்கக் கேட்டிருப்பாள். ஒரு பொய்யை எழுத்தில் போட்டுவிட்டால் அது தானாக ஊர் சுற்றும் போலிருக்கிறது, நான் இங்கே தாராவியில் படுத்துக் கிடந்தேன், அது ரயிலேறிப் போய்விட்டது.

இன்னொரு பதில் பன்னிரண்டரை. சாப்பாட்டு மணி அடித்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வருஷப் பிறப்பு கழிந்து மறுநாள் அது, வெள்ளிக்கிழமை. மலைச்சிக்கு ஷெட்டில் வேலை, மூட்டை கிழிந்து சிந்துகிற தானியத்தைக் கூட்டி அள்ளிப் புடைத்து வைக்கிற பெண்கள் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. எப்போதும் அவர்கள் ஷெட்டுக்குள்ளேதான் சாப்பிட வேண்டும், கரைப்பக்கம் வரக் கூடாது, முந்தின வாரம்தான் மேஸ்திரி அதற்காக அவளைப் பெயர் சொல்லித் திட்டியிருந்தான். அன்றைக்கு அவள் வந்தாள். தன் சோற்றையும் எடுத்துக்கொண்டு, சித்திரை விசுவுக்குச் செய்ததில் எனக்கென்று எடுத்து வைத்திருந்ததைக் கொடுக்க வந்தாள். பலகைகள் அடுக்கியிருந்ததன் நிழலில் உட்கார்ந்தோம், எதிரே அந்தக் கப்பல், கராச்சியிலிருந்து வந்து இரண்டு நாளாக நிற்கிறது, முதலில் கருவாட்டு மூட்டைகளை இறக்கினார்கள், அந்த நாற்றம் இன்னும் போகவில்லை, உள்ளே பஞ்சும் இருக்கிறது வெடிகுண்டும் இருக்கிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள், யுத்த காலத்தில் எந்தக் கப்பலில்தான் குண்டு இல்லை, நாங்கள் பழகிப் போயிருந்தோம். அவள்தான் பார்த்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. அங்கன பாத்தியளா, புகையுது என்றாள். காற்றுக்குழாயின் வாயிலிருந்து மெல்லிசாக, வெயிலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி ஒரு புகை. பார்த்தேன். பார்த்துவிட்டு அடுப்புப் புகையா இருக்கும் என்றேன். அடுப்ப அங்கயா வச்சிருப்பாவ என்றாள். நான் அடுத்த கவளத்தை எடுத்தேன். போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன் என்றாள், அவங்க கப்பல், அவங்களுக்குத் தெரியாதா என்றேன், அப்ப நான் போயிச் சொல்லட்டுமா என்று எழுந்தாள், உண்மையிலேயே எழுந்துவிட்டாள், நான் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அவள் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது. இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம் ஆகாது, இரண்டரை மாதமாக நான் இதற்குள்ளேயே இருக்கிறேன்.

ஏன் பிடித்து இழுத்தாய் என்று உள்ளே கேட்டால் என்ன சொல்வது. அடுப்புப் புகை என்று நினைத்ததாக முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கொஞ்ச நாள் அது தாங்கியது, ஆனால் அந்தக் குழாய் அடியறையிலிருந்து வருகிறது என்று பதினோரு வருஷமாக விஞ்சு ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா, தெரியும், அந்த நேரத்திலேயே தெரியும். மேஸ்திரிக்குப் பயந்துதான் என்று பிறகு சொல்லிக்கொண்டேன், அவள் கரையில் நடப்பதைப் பார்த்தால் வேலையை விட்டுத் துரத்துவான், அது உண்மைதான், ஆனால் நான் போயிருக்கலாமே, எனக்கு யார் தடை. பசியா. காலையிலிருந்து விஞ்சுப் பக்கத்தில் வெந்துபோய் உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தது என்று ஒப்புக்கொண்டால் விடுமா, ஒரு கவளம் சோற்றுக்காகவா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தூங்க முடியுமா. அதையும் சொல்லிப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. அதற்கும் அடியில் வேறு ஒன்று கிடக்கிறது, சில நாள் அது தலையைக் காட்டும், உடனே உள்ளே போய்விடும். சுற்றிலும் ஆண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள், அத்தனை பேரும் சும்மா இருக்கும்போது என் பெண்டாட்டி எழுந்துபோய் வெள்ளைக்காரனிடம் கையை நீட்டிப் பேசுவாள், பலவேசத்துக்கு இல்லாத தைரியம் அவளுக்கு என்று சாயங்காலம் பேசிச் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு எனக்கு முன்கூட்டியே கேட்டது. அதனால்தான் பிடித்தேனோ. அதற்குத்தானா. இதுதான் நிஜக் காரணம் என்று முடிவு செய்கிறபோதே இல்லை, இதுவும் நானே பின்னால் கண்டுபிடித்தது, அந்த நேரத்தில் மனசில் ஒன்றுமே இல்லை, கை தானாகப் போனது என்று தோன்றுகிறது, அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

காலையில் இந்தப் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவன் ஒருவன் சொன்னான், பன்னிரண்டரைக்கே யாராவது சொல்லியிருந்தால் அறையைத் திறந்து புகைகிற பஞ்சு மூட்டையை எடுத்து வெளியே போட்டிருப்பார்கள், ஒன்றோ இரண்டோதான் அப்போது புகைந்திருக்கும், அத்தோடு முடிந்திருக்கும் என்று. அவன் யாரையும் குறை சொல்லவில்லை, மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். மச்சான் அதையும் ஒரு வார்த்தை விடாமல் என் காதில் திரும்பச் சொன்னார். சொல்லிவிட்டு, எந்தப் பாவி பாத்துக்கிட்டு சும்மா இருந்தானோ என்று அவராக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். அதுவும் எனக்கு நன்றாகக் கேட்டது.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்ததும் மலைச்சி ஷெட்டுக்குப் போனாள், நான் என் கப்பலில் ஏறினேன். கொஞ்ச நேரத்தில் புகை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, சங்கு ஊதினார்கள், தீயணைப்பு வண்டிகள் வந்தன, குழாய்கள் பாம்பு மாதிரி கரையெல்லாம் கிடந்தன, கப்பலுக்குள் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை, வேலையை நிறுத்தவும் சொல்லவில்லை, நான் சரக்கைத் தூக்கினேன், இறக்கினேன், நடுவில் வேடிக்கையும் பார்த்தேன். ஷெட் வாசலில் பெண்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள், அதில் பச்சைச் சேலை அவளுடையது என்று நினைத்தேன், கையைக்கூட ஆட்டவில்லை. அப்போதாவது இறங்கிப் போய் வா வீட்டுக்குப் போவோம் என்று கூப்பிட்டிருக்கலாம், இரண்டு மணி நேரம் இருந்தது, இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே இருந்தது. போனால் அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள், அடுப்புப் புகைன்னியளே என்பாள், அதற்காகத்தான் போகவில்லை என்று நினைக்கிறேன். நாலு மணி தாண்டியதும் வெளிச்சம் வந்தது, சத்தம் எனக்கு நினைவில்லை, வெளிச்சம் மட்டும். விழித்தபோது கப்பலின் மேல்தட்டில் மல்லாந்து கிடக்கிறேன், வானத்திலிருந்து எரிகிற பஞ்சு மெதுவாக இறங்கி வந்துகொண்டிருக்கிறது, ஒரு சத்தமும் இல்லாமல், நான் அதை அழகாக இருக்கிறது என்று நினைத்தேன், கடவுளே, அப்படித்தான் நினைத்தேன். எழுந்து பார்த்தால் அந்தக் கப்பல் இல்லை. ஷெட்டும் இல்லை. ஷெட் இருந்த இடத்தை நோக்கி நான் நடக்கும்போது இரண்டாவது தடவை வெடித்தது, யாரோ என்னைத் தள்ளிக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே விட்டார்கள்.

நாலு நாள் தேடினோம், நானும் மச்சானும். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனோம். மச்சான்தான் துணியை விலக்கிப் பார்ப்பார், என்னைப் பார்க்க விடமாட்டார், நீங்க வெளிய நில்லுங்க மாப்ளே என்பார், பார்த்துவிட்டு வந்து இல்லை என்று தலையாட்டுவார், ஒவ்வொரு இல்லைக்கும் அவர் முகம் ஒரு சுற்று வற்றிக்கொண்டே வந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு வளையல்கூட இல்லை. ஊரில் அவள் அம்மா எதை வைத்துக் காரியம் செய்ய என்று கேட்டு எழுதச் சொன்னாளாம், கடைசியாகக் கட்டியிருந்த சேலை எதுவென்று தெரிந்தாலாவது சொல்லு என்று கேட்டிருந்தாளாம், நான் காலையில் சரியாகக் கவனிக்கவில்லை என்றேன். அன்றிலிருந்து மச்சான்தான் எனக்குச் சோறு கொண்டுவருகிறார், காதுக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறார், ஞாயிற்றுக்கிழமை என் வேட்டியையும் சேர்த்துத் துவைக்கிறார். தங்கச்சி இல்லாமல் போனபிறகும் மாப்பிள்ளையை இப்படித் தாங்குகிற மனுஷனை நான் பார்த்ததில்லை என்று தெருவில் பேசுகிறார்கள். அவர் கொண்டுவருகிற சோற்றை நான் தின்கிறேன். பன்னிரண்டரை என்று சொன்னால் இந்தச் சோறு நின்றுபோகும் என்பதால்தான் இரண்டு மணி என்று சொல்லப் போகிறேனா, மறுபடியும் சோறுதானா.

பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மச்சான் என் தோளைத் தொட்டார். உள்ளே பெரிய மேஜை, அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் ஒருவர் மூக்குக் கண்ணாடியோடு எழுதிக்கொண்டிருந்தார், பக்கத்தில் கோட்டுப் போட்ட மெட்ராஸ்காரர், நாங்கள் சொல்வதை இங்கிலீஷில் அவருக்குச் சொல்கிறவர். என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மச்சான் வலது பக்கம் நின்று என் தோளில் கையை வைத்துக்கொண்டார். பெயர், வேலை, எந்தக் கப்பல், எல்லாம் ஆயிற்று. அப்புறம் மச்சான் குனிந்தார். எப்பம் முதல்ல புகையப் பாத்தன்னு கேக்காவ மாப்ளே என்றார். இரண்டு மணி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் மூச்சு என் காதில் பட்டது, வெற்றிலை வாசம், மலைச்சியும் வெற்றிலை போடுவாள்.

“பன்னிரண்டரைக்கு,” என்றேன். “சாப்பிட உக்காந்திருந்தோம். நானும் என் பொஞ்சாதியும். அவதான் முதல்ல பாத்தா.”

தோளில் இருந்த கை அப்படியே இருந்தது. கனம் மட்டும் மாறியது. நான் வெள்ளைக்காரரையே பார்த்துக்கொண்டு சொன்னேன், ஒரு வார்த்தையும் அவருக்குப் புரியாது என்பதால் அவரைப் பார்ப்பது சுலபமாக இருந்தது. போய்ச் சொல்லுங்கள் என்று அவள் சொன்னதை, நான் போகாததை, அவளே எழுந்ததை, கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்ததை, ஷெட் வாசலில் பச்சைச் சேலையைப் பார்த்தும் இறங்கிப் போகாததை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்து, எழுந்து நிற்கச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன், போலீஸ்காரனைக் கூப்பிடுவார்கள், என்னை எங்கேயாவது கொண்டுபோவார்கள். மெட்ராஸ்காரர் திரும்பி ஒரே வரியில் ஏதோ சொன்னார். வெள்ளைக்காரர் தலையைத் தூக்காமல் ஒரே வரி எழுதினார். மெட்ராஸ்காரர் என்னிடம் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை, மச்சான் குனியவில்லை, திரும்பச் சொல்லவில்லை. கடைசியில் அந்த மனிதரே மேஜைமேல் சாய்ந்து சத்தமாகச் சொன்னார். போகலாம், பன்னிரண்டரைக்குப் புகையைப் பார்த்ததாக இதுவரை ஒன்பது பேர் சொல்லியாயிற்று, நீ பத்தாவது ஆள்.

“நான் புடிச்சு உக்கார வச்சதைச் சொன்னீங்களாய்யா?” என்று கேட்டேன்.

“அது இவங்க கேக்கலை,” என்றார் மெட்ராஸ்காரர் அதே சத்தத்தில்.

தாழ்வாரத்தில் நடக்கிறேன், மச்சான் நாலு அடி முன்னால் போகிறார். ஒன்பது பேர். ஒன்பது பேரும் பார்த்தார்கள், ஒன்பது பேரும் இன்னொருவன் சொல்லுவான் என்று இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்குப் பக்கத்தில் ஒருத்தி எழுந்து நின்றாள், எனக்கு மட்டும்தான் எழுந்து நின்றாள். இதற்கு ஒரு தண்டனை இருக்கும் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் பயந்தேனா, தண்டனை இல்லை என்று தெரிந்த பிறகும் அந்தப் பயம் ஏன் போகவில்லை. மழை விட்டிருந்தது. தாதர் டிராம் நிற்கிற இடத்தில் மச்சான் போய் நின்றார், நானும் போய் நின்றேன், பக்கத்தில் நிற்கலாமா தள்ளி நிற்க வேண்டுமா என்று தெரியவில்லை. ஒரு டிராம் வந்தது, அவர் ஏறவில்லை, நானும் ஏறவில்லை. அது போன பிறகு என் பக்கம் திரும்பினார். முகம் அழுத மாதிரி இல்லை, கோபமும் இல்லை, ஆஸ்பத்திரிகளில் துணியை விலக்கிவிட்டு வருவாரே அந்த முகம்.

“எங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா,” என்றார், எனக்குக் கேட்கும் அளவுக்கு.

சொன்னால் நீங்கள் என் வாசலை மிதிக்க மாட்டீர்கள் என்று பயந்தேன் என்றேன்.

“மிதிச்சிருக்க மாட்டேன்தான்,” என்றார்.

அடுத்த டிராமும் வந்து போய்விட்டது. இனி அவர் ஏறிப் போவார், நான் இங்கேயே நிற்பேன், அப்படித்தான் முடியும் என்று நினைத்தேன், அது சரி என்றும் பட்டது. அவர் கிட்டே வந்தார். சேலை பச்சைதானா என்று கேட்டார். பச்சைதான் என்றேன். என்ன கொண்டுவந்தா என்றார். சர்க்கரைப் பொங்கல், வெல்லம் பத்தலைன்னு சொல்லிக்கிட்டே குடுத்தா என்றேன். அவ சாப்பிட்டாளா என்றார். பாதி சாப்பிட்டாள் என்றேன். மீதியை நான் உட்கார வைத்த பிறகு என் தட்டில் தள்ளிவிட்டாள், நான் அதையும் தின்றேன் என்று சொல்ல வேண்டும், சொன்னேன், அவர் அதையும் வாங்கிக்கொண்டார். எழுந்திரிச்சான்னியளே, எப்படி எழுந்திரிச்சா என்று கேட்டார். ஒரு கையைத் தரையில் ஊன்றி என்று காட்டினேன். அப்பம்கூட அவளுக்குப் பயமில்ல பாருங்க என்றார், சின்னதுலயே அப்பிடித்தான் என்றார், சொல்லிவிட்டு டிராம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார், இரண்டரை மாதத்தில் முதல் தடவையாக, ஜனங்கள் விலகிப் போனார்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது, எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்காத ஒன்றை நான் இத்தனை நாளும் மடியில் கட்டி வைத்திருந்திருக்கிறேன், அவளோடு உட்கார்ந்திருந்த அந்தக் கடைசி அரை மணி நேரம் என்னிடம் மட்டும்தான் இருந்தது, அதை அவள் அம்மாவுக்குக்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னை மன்னிக்கவில்லை, அது அவர் நிற்கிற நிலையிலேயே தெரிந்தது, இனி எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவருவாரா என்பதும் தெரியாது. ஆனாலும் என் காதருகே குனிந்தார்.

“முதல்ல இருந்து சொல்லுங்க மாப்ளே, அம்மைக்கு எழுதணும். அவ உங்ககிட்ட வந்ததுல இருந்து.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“சிரிச்சுக்கிட்டேதான் வந்தா மச்சான்,” என்றேன். “தலை பூரா கோதுமைத் தூசி.”